வாசிக்காமல் வைத்த ஒரு கையெழுத்து

1

சென்ற புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தபால்காரன் கீழே மணி அடித்தான். பதிவுத் தபால். பலெர்மோவில் பதிவுத் தபால் என்றால் மூன்றில் ஒன்று: தண்டம், வழக்கு, அல்லது வீட்டுக்காரன். மூன்றுக்கும் தனித்தனிப் பதில் முறை உண்டு. மூன்றும் எனக்குத் தெரியும். ஆகவே பதறாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

வந்தது இவை ஒன்றுமல்ல. பிரெஃபெத்தூரா, அதாவது நம்முடைய மாவட்ட அரசுக் கச்சேரிக்கு நிகரான அலுவலகம், அனுப்பிய அறிவித்தல். என் மகள் மயூரிக்கு இத்தாலியக் குடியுரிமை வழங்கப்பட்டிருக்கிறது. அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் நகரசபைக்கு நேரில் வந்து சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். வராவிட்டால் ஆணை செல்லாது.

அவளை நாலு வயதில் இந்த ஊருக்குக் கொண்டுவந்தேன். அன்று தொட்டு நான் சேர்த்த எல்லாத் தாள்களும் இந்த ஒரு தாளுக்காகத்தான். வதிவிடப் பதிவில் ஒரு நாள் இடைவெளி விழவிடவில்லை. வீடு மாறியபோது கட்டில் வந்து சேர முதல் பதிவு வந்து சேர்ந்தது. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பித்து முத்திரை குத்துவித்து, அந்த முத்திரைக்கு இன்னொரு முத்திரை குத்துவித்து வைத்திருந்தேன்.

"மயூரி இருக்கிறாளா?" என்று தபால்காரன் கேட்டான்.

"இல்லை. கொரியாவில்."

"வடக்கா, தெற்கா?"

"தெற்கு."

"நாமும் தெற்குத்தான்" என்று சொல்லி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனான்.

நான் படிக்கட்டில் நின்று கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை. பெயரின் எழுத்துக்கூடச் சரி. இருபத்தொரு வருடம் காத்திருந்த விருந்தாளி வந்தபோது, விருந்துக்கு உரியவள் வீட்டில் இல்லை. அவளை அனுப்பி வைத்தவன் நான்தான். அதற்கு எழுத்தில் அத்தாட்சி இருக்கிறது.

2

ஊரில் பதினொரு வருடம் கச்சேரியில் லிகிதராக இருந்தேன். இங்கே இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய மாடிக் கட்டடத்தின் வாசலில் போர்த்தியேரே. வாசல் காவல், தபால் பிரிப்பு, படிக்கட்டுத் துடைப்பு, குடியிருப்பாளர் சண்டையில் தூது, எல்லாம் சேர்ந்த உத்தியோகம் அது. இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் ஒரு கதிரை, ஒரு மேசை, வரிசையில் நிற்கிற சனம். ஓய்வூதியம் எடுத்தபின் மேசை வீட்டுக்கு வந்துவிட்டது. வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே எங்கள் வீடு. அதன் குசினி மேசைக்கு வராத தமிழ்க் கடதாசி இந்த நகரத்தில் இல்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வேலைக்காரியை நிறுத்திய சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டு எஜமானிக்கு, பதில் எழுதுவது, எல்லாம் அங்கேதான். என்னைக் 'கிளாக்கர் ஐயா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் உண்டு என்று என் மனைவி கமலா சொல்வாள். அதை எனக்குச் சொல்லமாட்டாள்.

வருகிற எல்லாருக்கும் நான் சொல்லும் சட்டம் ஒன்றே: வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே.

இதற்கு ஒரு உதாரணமும் வைத்திருந்தேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய முல்லைத்தீவுக்காரர் ஒருவர், வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி நீட்டிய நாலைந்து தாள்களில் மளமளவென்று கையெழுத்து வைத்தார். அதில் ஒன்று திகதி போடாத இராஜினாமாக் கடிதம். இரண்டு வருடம் கழித்துக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலாளி அதில் திகதியைப் போட்டார். அந்த மனிதர் என் மேசையில் வந்திருந்து, "ஐயா, நல்லாச் சிரிச்சுக்கொண்டுதானே தந்தவர்" என்றார்.

"சிரிச்சுக்கொண்டு தாற தாளைத்தான் ரண்டு தரம் வாசிக்கவேணும்" என்றேன். அந்த வசனம் எனக்கே பிடித்துப்போயிற்று. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னேன். மயூரி அதை எத்தனை தரம் கேட்டிருப்பாள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

3

2016 புரட்டாதி என்று நினைவு. அப்போது மயூரி ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு அறையில் வேலை. ஐந்து மணிக்கு எழும்பிப் போவாள். மூன்று மணிக்கு வந்து சாப்பிடுவாள். எங்களுடன் அவள் பேசும் தமிழ் வீட்டுக்கு மட்டும் போதுமானது. மற்ற எல்லாம் சிசிலிக்காரரின் இழுவையோடு இத்தாலியனில்தான். என்னிடம் அவளாக வந்து ஏதாவது கேட்பது, கடதாசி விஷயமாக இருந்தால் மட்டும்.

அன்று சோற்றைப் பிசைந்துகொண்டு, "அப்பா, கொரியன் படிக்க இஞ்சை எங்கையாவது வகுப்பு இருக்கா?" என்றாள்.

"என்ன பாஷை?"

"கொரியன். இப்ப ஹோட்டலுக்குக் கொரியாக்காரர் பஸ் பஸ்ஸா வருகினம். அவையோடை கதைக்க ஆளில்லை. தெரிஞ்சா என்னை ரிசெப்ஷனுக்கு எடுப்பினம். எத்தினை நாளைக்குக் கோப்பி ஊத்திக்கொண்டு நிக்கிறது?"

"இன்ரநெற்றிலை பார்க்கலாமே."

"பார்த்தனான். ஒண்டும் சரிவரேல்லை. உங்களுக்குத்தான் அப்பா இப்பிடியெல்லாம் தேடிப் பிடிக்கத் தெரியும்."

அடுப்படியில் நின்ற கமலா, "பிள்ளை ஆசைப்படுது. தேடிக் குடுங்கோவன்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அவள் திரும்பாமல் பேசினால் கவனிக்க வேண்டும் என்பது முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கற்றிருக்க வேண்டிய பாடம்.

ஒரு புதிய கோப்புத் திறந்தேன். அட்டையில் 'கொரியா' என்று எழுதினேன்.

முதலில் வளர்ந்தோருக்கான பள்ளிக்கூடம். இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு இலவச மொழி வகுப்பு உண்டு. மேசையில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் ஒரு படிவத்தை நீட்டினார். இத்தாலியன், ஆரம்ப வகுப்பு.

"எனக்கு இத்தாலியன் தெரியும், சிஞ்ஞோரா. இப்போது உங்களுடன் அதில்தான் பேசுகிறேன்."

"வெளிநாட்டவருக்கு இத்தாலியன்தான் இருக்கிறது."

"கொரிய மொழி வேண்டும். என் மகளுக்கு. அவள் வேலை செய்கிறவள்."

"அவள் கொரியாக்காரியா?"

"இல்லை. இலங்கை."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே ஒரு வெளிநாட்டில் இருக்கிறீர்கள். இன்னொரு வெளிநாடு எதற்கு?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார். படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். படிவத்தை மறுத்துப் பழக்கமில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கிழக்கு மொழிகள் இருந்தன, காலையில், மாணவர்களுக்கு. தனியார் நிலையம் ஒன்றில் சீன மொழி இருந்தது. "அதுவும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தானே" என்றார் அங்கிருந்த இளைஞர். தூதரகம் ரோமில். அங்கு எழுதினேன். மூன்றாம் நாளே மரியாதையாகப் பதில் போட்டார்கள்: ரோமில் வகுப்பு உண்டு, மாலை ஆறரைக்கு. பலெர்மோவிலிருந்து கப்பலில் இரவு முழுக்கப் போய் மாலை வகுப்பில் இருந்துவிட்டு அடுத்த நாள் காலை கோப்பி ஊற்ற வர முடியுமா என்று அவர்களைக் கேட்கவில்லை.

இப்படி இரண்டு மாதம். ஓய்வு பெற்றபின் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். தேடும்போது ஒவ்வொரு மாலையும் மயூரி, "இண்டைக்கு என்ன நடந்தது அப்பா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அந்த இரண்டு மாதம்தான்.

4

கடைசியில் வழி என் பழைய வாசலிலேயே இருந்தது. நான் காவல் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சுஜின் என்ற கொரியப் பெண் வாடகைக்கு இருந்தார். ஒபேரா பாட்டுப் படிக்க இத்தாலிக்கு வந்தவர். மத்தியானத் தூக்க நேரத்தில் ஸ்வரம் பாடுகிறார் என்று குடியிருப்பாளர்கள் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். அதைக் கதவில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எழுதியதும் நான்தான், நிர்வாகிக்கு இலக்கணம் போதாது.

அவர் இப்போது ஒரு சிசிலிக்காரரை மணந்து கால்சாவில், கடற்கரைப் பக்கம், இருந்தார். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "இங்கேயும் பாடக்கூடாதா?" என்றார்.

"பாடலாம். நான் வந்தது வேறு விஷயம்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, கற்பிக்கச் சம்மதம், ஆனால் ஒரு சங்கத்தின் அறை வேண்டும், ஏழு பேர் பதிந்தால்தான் அறை தருவார்கள் என்றார். நான் என் கையாலேயே அறிவித்தல் எழுதி ஒட்டினேன். கொரியப் பாட்டுக்களில் பைத்தியமான ஐந்து சிசிலியப் பெட்டைகள் வந்தார்கள். மயூரி ஆறாவது. ஏழாவது ஆளில்லை.

"என் பெயரைப் போடுங்கள்" என்றேன்.

"நீங்கள் படிக்கப் போகிறீர்களா?"

"இல்லை. இடாப்பில் எண்ணிக்கை நிரம்ப."

சுஜின் என்னைப் பார்த்த பார்வை எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய அன்றைய பார்வைதான். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது நாள். ஹோட்டலில் மயூரியின் ஓய்வு நாள் ஒவ்வொரு கிழமையும் மாறும். கூட்டு ஒப்பந்தத்தில் வாராந்த ஓய்வு பற்றிய பிரிவைக் காட்டி, அவள் பெயரில் முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வியாழக்கிழமையை நிலையான ஓய்வு நாளாக எழுத்தில் தந்தார்கள். வியாழனைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் வீட்டு வேலைக்காரர்களுக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்யும் கமலாவும் அன்று வீட்டில் இருப்பாள். தாயும் மகளும் சேர்ந்து கால்சாவுக்கு நடந்து போவார்கள். வகுப்பு முடியும் வரை கமலா கடற்கரை வாங்கில் இருப்பாள். திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வருவார்கள். கொரிய மொழி இவ்வளவு பகிடியானதா என்று நான் நினைத்தேன்.

5

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வியாழன் மயூரி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். முழுக்கக் கொரிய எழுத்து. சில கட்டங்கள் அச்சில், சில கட்டங்கள் அவள் கையால் நிரப்பியவை.

"மேல் வகுப்புக்குப் பதியிற படிவம் அப்பா. சுஜின்ர பழைய நிலையம் ஒண்டு கொரியாவிலை இருக்கு, அதின்ர சான்றிதழ் கிடைக்கும். நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கவேணும்."

"நான் ஏன்? உனக்கு வயசு இருபத்திநாலு."

"அங்கை கலியாணம் கட்டாத பெட்டையளுக்குத் தேப்பன்ர கையெழுத்து வேணுமாம். எங்களை மாதிரித்தான் அப்பா அவையும்."

எங்களை மாதிரித்தான். இருபத்துச் சொச்சம் வருடம் இந்த நாட்டில் ஒருவரும் என்னிடம் 'தகப்பன் என்ற முறையில்' என்று ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு வயதோடு பிள்ளையின் எல்லாப் படிவத்திலிருந்தும் என் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். எங்கோ தூரத்தில் ஒரு நாகரிகமான அரசாங்கம் அதைத் திருப்பித் தருகிறது என்றபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை.

"என்ன எழுதியிருக்கு, வாசி."

அவள் விரலை வைத்துக் கட்டம் கட்டமாகச் சொன்னாள். "இது என்ர பேர். இது உங்கட பேர், விலாசம். இது என்ன உறவு எண்டு. இது, பிள்ளை ஒழுங்கா வகுப்புக்கு வருவா, அதுக்குத் தேப்பன் பொறுப்பு எண்டு."

"இந்தப் பெரிய கட்டம்? நீ ஏதோ எழுதியிருக்கிறாய்."

"அது சும்மா. ஏன் படிக்கிறா எண்டு கேட்டிருக்கு."

கையெழுத்து வைத்தேன். அவள் கேட்டபடி குடும்பச் சான்றிதழும் என் ஓய்வூதியச் சான்றும் எடுத்துக் கொடுத்தேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் பதிந்தால் கழிவு உண்டாம். இடாப்பில் நானும் இருந்தேன் அல்லவா? இத்தாலியில் எந்தக் கழிவுக்கும் வருமானம் கேட்பார்கள். ஆகவே சந்தேகம் வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்க முன் வழக்கப்படி ஒரு பிரதி எடுத்துக் 'கொரியா' கோப்பில் வைத்தேன். அதற்காவது என்னை மெச்சலாம்.

அவள் தாளை மடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல சிரிப்பு.

6

மூன்று மாதம் கழித்து, ஹோட்டலில் கோடைகால அட்டவணை மாறுகிற நேரம். வியாழக்கிழமை ஒழுங்கைப் புதுப்பிக்க மயூரியிடம் சொல்லாமல் நானே ஒரு கடிதத்தோடு போனேன். முகாமையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்களுக்கு இழப்புத்தான். ஆனால் சந்தோஷம். சியோல்! நீங்கள் பெருமைப்பட வேண்டும்."

அவள் வேலையை விட்டு நாலு நாள். இராஜினாமா இப்போது இணையத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் பிழைத்தாலும் செல்லாது. எத்தனையோ பேருக்கு நான் பக்கத்தில் இருந்து செய்து கொடுத்திருக்கிறேன். முன்னறிவித்தல் காலம், கடைசி நாள், எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள் என்று முகாமையாளர் சொன்னார். அவள் என்னைக் கேட்காமல் செய்தாள் என்பதைவிட, என்னைக் கேட்காமல் பிழையில்லாமல் செய்தாள் என்பது எனக்குக் கூடுதலாக வலித்தது.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. கமலா குளிர்ச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மயூரி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒருவரும் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"போன மாசம் ரோமிலை ஹோட்டல் பயிற்சி எண்டாய்" என்றேன்.

"விசாவுக்குப் போனனான்."

"அந்தத் தாள்?"

"அங்கை படிக்கப் போறவைக்கு ஒரு ஆள் பொறுப்பு நிக்கவேணும். நீங்கள்தான் அப்பா என்ர பொறுப்பு."

"வகுப்புக்குப் பதியிற தாள் எண்டாய்."

"அதுவும் வகுப்புத்தானே. சியோலிலை. பத்து மாசம்."

நான் கதிரையில் இருந்தேன். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது. குடியுரிமை விண்ணப்பம் நடுவில் நிற்கிறது, ஒரு விசாரணைக்குக் கூப்பிட்டு ஆளில்லை என்றால் எல்லாம் போயிற்று என்றேன். நீண்டகால அனுமதி உள்ளவர் ஐரோப்பாவுக்கு வெளியே தொடர்ந்து பன்னிரண்டு மாதம் நின்றால் அனுமதி பறிபோகும் என்றேன்.

"தெரியும் அப்பா. அதுதான் பத்து மாசம். வதிவிடப் பதிவும் வெட்டேல்லை. எல்லாம் நீங்கள் சொல்லித் தந்ததுதானே."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா நூறு சட்டம் சொல்லியிருப்பியள்."

"நூறும் உண்மையாத்தானே இருந்திருக்கும்?"

"ஓம், நூறும் உண்மை. அதுதான் சொல்லேல்லை."

நான் கமலாவைப் பார்த்தேன். "உமக்கு எப்பவிருந்து தெரியும்?"

"முதல் நாளிலையிருந்து."

"ரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பேயனாக்கியிருக்கிறியள். என்ர மேசையிலை வைச்சு, என்ர கையாலை. அவள் ஒண்டு எழுதியிருக்க இன்னொண்டை வாசிச்சிருக்கிறாள்."

கமலா சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இஞ்சருங்கோ, அவளுக்கு அந்தப் பழக்கத்தைப் பழக்கினது ஆர்?"

7

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் கணக்குத் தீராது.

பதின்மூன்று வயதில் இந்த நாட்டுப் பிள்ளைகள் அடுத்து எந்தப் பள்ளிக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் பெற்றோரை அழைத்து ஒரு ஆலோசனை சொல்வார். மயூரியின் வகுப்பாசிரியை எங்கள் இருவரையும் அழைத்தார். கமலாவுக்கு அப்போது இத்தாலியன் சட்டி பானை அளவுக்குத்தான். எங்கள் எல்லாக் குடும்பங்களையும் போல, பிள்ளைதான் நடுவில் இருந்து தாய்க்கு மொழிபெயர்ப்பாள்.

ஆசிரியை சொன்னது இது: இந்தப் பிள்ளைக்கு மொழிகளில் அபூர்வமான கெட்டித்தனம். மொழிகள் படிக்கும் உயர்பள்ளிக்கு அனுப்புங்கள், பிறகு பல்கலைக்கழகம்.

எனக்கு விளங்கியது. கமலா மகளைப் பார்த்து, "ரீச்சர் என்னவாம்?" என்றாள்.

நான் அன்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். மொழிகள் படித்தால் ஐந்து வருடத்தின் பின் கையில் ஒன்றும் இல்லை. ஹோட்டல் தொழில் பள்ளிக்குப் போனால் வேலை. வேலை இருந்தால் வருமானச் சான்று, அது இருந்தால் குடியுரிமை. சங்கிலியில் ஒரு வளையம் பிழைத்தால் எல்லாம் பிழை. கமலாவுக்கு உண்மை தெரிந்தால் அவள் ஆசிரியையின் பக்கம் நிற்பாள். ஆகவே நான் பிள்ளையின் காதோரம் தமிழில், தணிந்த குரலில் சொன்னேன்: "ஹோட்டல் பள்ளிக்கூடம்தான் நல்லது எண்டு ரீச்சர் சொல்லுறா எண்டு அம்மாவுக்குச் சொல்லு."

தாய்க்குப் பக்கத்தில் இருந்துதான் சொன்னேன். ஆனால் அந்த நேரம் கமலா ஆசிரியையைப் பார்த்து மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ விளக்கம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

மயூரி என்னைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்து, "ஹோட்டல் பள்ளிக்கூடம் நல்லதாம் அம்மா" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கமலா ஆசிரியைக்குக் கையெடுத்து நன்றி சொன்னாள். ஆசிரியை, தாய் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். மூன்று பெண்களில் நடந்தது தெரிந்தவள் பதின்மூன்று வயதுக்காரி மட்டும்.

நான் செய்தது துரோகம் அல்ல என்றுதான் இன்றும் வாதாடுவேன். அது ஒரு தகப்பனின் நிர்வாகத் தீர்மானம். பயன் பதிவுத் தபாலில் வந்திருக்கிறது. ஆனால் மயூரி எப்போதோ ஒருநாள் இதைத் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். கமலா அதற்குப் பிறகும் வருடக்கணக்காக எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் கேட்காமல் இருந்திருக்கிறாள். அந்த மௌனத்தை எந்தக் கோப்பில் போடுவது?

8

மயூரி போய் மூன்றாம் கிழமை சுஜின் தொலைபேசியில் பேசினார்.

"மகள் போய்விட்டார். ஒரு பெண்ணும் நின்றுவிட்டார். இடாப்பில் ஐந்து பேர். நீங்கள் உட்பட. தொடர்ந்து நடத்த ஐந்து பேராவது வேண்டும், நீங்களும் வராவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள்."

பூட்டட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது கோப்பு நினைவு வந்தது. அதில் என் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுஜினிடம் நீட்டி, 'இதில் என் மகள் என்னை எதற்குக் கையெழுத்து வைக்கச் சொன்னாள்?' என்று ஒரு தகப்பன் கேட்க முடியுமா? மயூரியிடமோ கமலாவிடமோ கேட்பதும் இல்லை. இன்னொருவர் வாசித்துச் சொல்வதைக் கேட்ட காலம் முடிந்தது.

ஆகவே வியாழக்கிழமைகளில் நான் கால்சாவுக்குப் போனேன். சிசிலியப் பெட்டைகள் நாலு பேர், புதிதாக வந்த ஒரு தாதி, அறுபத்தெட்டு வயதில் நான். பெட்டைகள் என்னை 'தாத்தா' என்று கூப்பிட்டு எனக்கு இடம் பிடித்து வைத்தார்கள். எந்தப் பாட்டுக்காரனைப் பிடிக்கும் என்று கேட்டார்கள். ஒருவனையும் தெரியாது என்றேன். "அப்படியானால் ஏன் படிக்கிறீர்கள்?" என்றார்கள். "ஒரு கடிதம் வாசிக்க" என்றேன். காதல் கடிதம் என்று நினைத்து அன்றிலிருந்து எனக்கு மிகவும் உதவி செய்தார்கள்.

எழுத்துக்கள் மூன்று கிழமையில் பிடிபட்டன. ஒழுங்கான எழுத்து, அதைச் செய்தவர் ஒரு நல்ல லிகிதராக இருந்திருக்க வேண்டும். அச்சடித்த கட்டங்களை அகராதி வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். மேற்படி மாணவியின் கல்வி, தங்குதல், திரும்பி வருதல் ஆகியவற்றுக்கு நான் பொறுப்பு. உறவு: தந்தை. அவள் வாசித்துக் காட்டியதில் பெயரும் விலாசமும் உறவும் உண்மை. ஒழுங்காக வகுப்புக்கு வருவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கலியாணம் கட்டாத பெட்டைகளைப் பற்றியும் இல்லை. அந்த நாகரிகமான அரசாங்கம் என்னைத் தேடவே இல்லை.

மிஞ்சியது அவள் கையால் எழுதிய பெரிய கட்டம். அதன் தலைப்பு: பொறுப்பு ஏற்பதற்கான காரணம். கையெழுத்து உருண்டையானது, வினைச்சொல்லெல்லாம் வசனத்தின் முடிவில், நம்மைப் போல. அதற்கு என் கொரியன் அப்போது போதவில்லை.

புதன்கிழமை அந்தப் பதிவுத் தபால் வந்ததும் மத்தியானம் வீடியோவில் மயூரியை அழைத்தேன். அங்கே மாலை. அவளுக்குப் பின்னால் யாரோ கொரியனில் கூப்பிட, இவள் திரும்பி மளமளவென்று ஏதோ பதில் சொன்னாள். இரண்டு சொல் எனக்கு விளங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

கடிதத்தைக் கமராவுக்கு நேரே பிடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, வந்திட்டுதா!"

"ஆறு மாசத்துக்குள்ளை வந்து சத்தியம் செய்யவேணும். இல்லாட்டி ஆணை செல்லாது."

"வாறன் அப்பா. வகுப்பு முடிஞ்ச உடனை வாறன். இத்தாலியப் பாஸ்போட் கிடைச்சா இஞ்சை ஒரு வருஷம் வேலையும் செய்யலாம், தெரியுமே?"

தெரியும். நானும் பார்த்து வைத்திருந்தேன். இருபத்தொரு வருடம் ஒவ்வொரு முத்திரையாகச் சேர்த்தது அவள் இங்கே உறுதியாக இருப்பதற்கு. அது கிடைத்ததும் முதல் உபயோகம் இன்னும் ஒரு வருடம் அங்கே இருப்பதற்கு.

"சந்தோஷம்" என்றேன். ஒரே சொல்லில் கோபம் காட்டத் தெரியும் எனக்கு. அவளுக்கு அது விளங்கியது. "அப்பா, சாப்பிட்டியளே?" என்றாள். அழைப்பை முடித்தேன்.

அடுத்த நாள் வியாழன். வகுப்பில் வினைச்சொல்லின் முடிவுகள் நடந்தன. வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் பிரதியையும் அகராதியையும் விரித்தேன். வியாழன் பின்னேரம் ஆதலால் கமலா வீட்டில். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு வசனம். ஒரு மணி நேரம் எடுத்தது. முடித்தபின் பிழை விட்டிருப்பேன் என்று திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். பிழை இல்லை.

பொய் அறிக்கைக்குக் கீழே கையெழுத்து வைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று இந்த மேசையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! முதல் வசனம் உண்மை, இரண்டாவது பொய். கீழே என் கையெழுத்து, முப்பது வருடத்துக்கு மேலாக மாறாதது. ஊரிலும் இங்கேயும் எந்த அலுவலகமும் அதைச் சந்தேகித்ததில்லை. அறிக்கையைத் திருப்பி வாங்க ஒரு நடைமுறை இருக்கும். எனக்குத் தெரியாத நடைமுறையா? வாங்கினால் அது பொய் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஏன் அப்பிடியே இருக்கிறியள்? அது என்ன தாள்?" என்று கமலா கேட்டாள்.

"மயூரி கையெழுத்து வாங்கின தாள்."

"என்னவாம்?"

அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பித்தான் ஆக வேண்டும். 'வழமையான படிவம்' என்று சொல்லலாம். ஒருநாள் ஒரு வகுப்பறையில் அவள் இதே கேள்வியைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவன் நான்.

விரலை வைத்து, சொல் சொல்லாக, ஒன்றையும் விடாமல் வாசித்தேன்.

"'என் மகள் பள்ளியில் படித்த காலத்தில் அவளது ஆசிரியை, இவள் மொழிகள் படிக்க வேண்டும் என்று சொன்னார். அன்று முதல் இன்று வரை என் விருப்பமும் அதுவே.'"

குழம்பு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. கமலா அடுப்பை அணைத்தாள். வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள்.